திரிகிளாவ் மலையின் இரும்புப் பாதை

ஐரோப்பாக் கண்டத்தில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் கிழக்கே தாழ்ந்து முடியும் இடத்தில் ஸ்லோவேனியா என்னும் சிறு நாடு உள்ளது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 21 இலட்சமே. 1991-ஆம் ஆண்டு அது தனிநாடாக எழுந்தபோது, தன் கொடியில் பொறிப்பதற்குச் சிங்கத்தையும் தேடவில்லை, கழுகையும் தேடவில்லை. ஒரு மலையைப் பொறித்துக்கொண்டது. திரிகிளாவ் என்பது அம்மலையின் பெயர். 'திரி' என்றால் மூன்று. 'கிளாவ்' என்றால் தலை. மூன்று தலை மலை. உயரம் 2864 மீட்டர். அந்நாட்டில் இதற்கு மேற்பட்ட உயரம் வேறில்லை.

ஸ்லோவேனியா 2007-ஆம் ஆண்டு யூரோ நாணயத்தை ஏற்றது. அதன் ஐம்பது சென்ட் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதிலும் இம்மலையே இருக்கும். மலையோடு ஒரு பாட்டின் முதல் வரியும் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பாட்டுக்கு இசை அமைத்தவர் புகழ்பெற்ற நகரத்து இசைவாணர் அல்லர். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் 38 ஆண்டுகள் பணிபுரிந்து அங்கேயே உயிர்நீத்த ஒரு பங்குத் தந்தை அவர். யாக்கோபு அல்யாஷ் என்பது அவர் பெயர்.

ஸ்லோவேனியராய்ப் பிறந்தவர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் திரிகிளாவ் ஏற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கு. ஆனால் அது எளிய ஏற்றம் அன்று. உச்சிக்குச் செல்லும் எந்த வழியிலும், கடைசிப் பகுதியில் பாறைச் சுவரில் அறைந்த இரும்பு முளைகளையும், இழுத்துக் கட்டிய எஃகு வடத்தையும் பற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். அப்பாதையில் வழிகாட்டி ஒருவருடன் நானும் நண்பர் ஒருவரும் ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்தில் சென்றுவந்தோம்.

வாசலும் வாசற்படியும்

பயணம் மொய்ஸ்திரானா என்னும் ஊரிலிருந்து தொடங்குகிறது. அதற்கு எதிரே, ஆற்றின் மறுகரைச் சரிவில் இருப்பது தோவ்யே. அல்யாஷ் அடிகளாரின் பங்கு அதுதான். சாலையோரத்தில் அவருக்குச் சிலை எழுப்பியிருக்கிறார்கள். சிலையின் நீட்டிய கை மலையைச் சுட்டுகிறது. வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை.

அங்கிருந்து பள்ளத்தாக்கு ஒன்று தெற்கு நோக்கி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் உள்வாங்கிச் செல்கிறது. அதன் பெயர் 'வ்ராதா'. அவர்கள் மொழியில் அதற்கு 'வாசல்' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். இருபுறமும் புங்கு போல் அடர்ந்த பீச் மரக்காடு; நடுவே பால்போல் வெளுத்த கற்களின் மேல் ஓடும் சிற்றாறு. வழியில் பெரிச்னிக் அருவி 52 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பாறை உட்குழிந்திருப்பதால், விழும் நீருக்குப் பின்புறமாகவே நடந்து மறுபக்கம் போகலாம்.

பள்ளத்தாக்கின் முடிவில் 1015 மீட்டர் உயரத்தில் ஒரு விடுதி. அதற்கும் அல்யாஷ் அடிகளாரின் பெயரே. முதல் விடுதி 1896-இல் அவர் முயற்சியால் எழுந்தது. பின்னர் வந்த கட்டடத்தை 1909-இல் பனிச்சரிவு அழித்தது. மறு ஆண்டே புதிய விடுதியைக் கட்டினார்கள். இன்று நாம் உண்டு உறங்குவது அதில்தான்.

விடுதியைத் தாண்டியதும் மரங்கள் விலகுகின்றன. அங்கே நிமிர்ந்து பார்த்தவன் சற்றுநேரம் பேச்சிழந்து நிற்பான். திரிகிளாவின் வடக்குச் சுவர் ஆயிரம் மீட்டருக்கும் மேலாகச் செங்குத்தாய் எழுந்து, பள்ளத்தாக்கின் கோடியை முற்றிலும் அடைத்து நிற்கிறது. அதில் எந்த இடத்திலும் மனிதன் கால் வைக்க இடம் இருக்கும் என்று தோன்றவில்லை. "நாம் இதில் ஏறப் போவதில்லை; இதன் இடது ஓரமாகப் போகிறோம்" என்று வழிகாட்டி சொன்ன பிறகே நண்பருக்கு மூச்சு வந்தது.

நாங்கள் தேர்ந்த பாதைக்குப் 'பிராக்' என்று பெயர். அதற்கு 'வாசற்படி' என்று பொருள். வாசலைக் கடந்து வாசற்படி ஏறிச் செல்ல வேண்டும் என்று மலைவாழ் மக்கள் பெயரிட்டிருக்கிறார்கள்.

மலையை வாங்கிய குருவானவர்

இந்த இடத்தில் அல்யாஷ் அடிகளாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது முறை. அவர் 1845-இல் பிறந்தவர். 1889-இல் தோவ்யேயின் பங்குத் தந்தையாக வந்தார். அக்காலத்தில் ஸ்லோவேனியர் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் வாழ்ந்தனர். ஆட்சியிலும் உயர்கல்வியிலும் செருமானிய மொழி ஓங்கியிருந்தது. மலைமேலும் நிலைமை அதுவே. ஜெர்மன் பேசும் மலையேறுவோர் சங்கங்கள் விடுதிகளைக் கட்டின, பாதைகளை அமைத்தன, பெயர்ப் பலகைகளைத் தங்கள் மொழியில் நாட்டின. காலங்காலமாக அங்கே ஆடு மேய்த்தவனும் வேட்டையாடியவனும் தன் மலையிலேயே தன் மொழியைக் காணாமல் நின்றான்.

1893-இல் ஸ்லோவேனிய மலையேறுவோர் சங்கம் உருவாயிற்று. அல்யாஷ் அடிகளார் அதன் பணியில் முழுமனத்தோடு இறங்கினார். அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. மலையுச்சி தம் பங்கைச் சேர்ந்த ஊராட்சிக்குச் சொந்தமானது என்பதை அறிந்து, உச்சியில் சில சதுர மீட்டர் நிலத்தை மிகச் சொற்பமான தொகைக்கு விலைக்கு வாங்கிவிட்டார்! லியுப்ளியானா நகருக்கு அருகிலுள்ள ஷென்த்வீத் ஊரின் தகர வேலைக்காரர் அந்தோன் பெலெத்ஸ் என்பவரிடம், இரும்புத் தகட்டால் சிறு கோபுரம் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுமையாட்கள் முதுகில் சுமந்து ஏறினர். 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் அது உச்சியில் நிறுத்தப்பட்டது. புயலில் சிக்கியவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்காக என்று எழுந்த அக்கோபுரம், நாளடைவில் ஓர் இனத்தின் அடையாளமாயிற்று. கோபுரத்தையும் நிலத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

மலையேறிய குருக்களில் அவர் முதல்வரும் அல்லர். வலெந்தீன் ஸ்தானிச் என்ற குரு 1808-இலேயே திரிகிளாவ் உச்சியில் நின்றவர். அவரே 1840-இல் கொரீசியா நகரில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கியவர். மலையையும் மக்களையும் ஒருங்கே நேசித்த மரபு அம்மண்ணில் முன்பே இருந்தது.

இரும்பு எவ்வாறு காக்கிறது?

ஆல்ப்ஸ் மலைகளில் பாறையில் இரும்பு அறைந்து வழி அமைப்பது பழைய வழக்கம். ஆஸ்திரியாவின் தாக்ஸ்டைன் மலையில் 1843-இலேயே பிரீட்ரிக் சீமோனி என்ற அறிஞர் அவ்வாறு வழி அமைத்தார். முதல் உலகப் போரின்போது இத்தாலிய எல்லையில் மலைமேல் நின்று போரிட்ட படைவீரர்கள், உணவும் குண்டும் கொண்டுசெல்ல ஏணிகளையும் வடங்களையும் பாறைகளில் கட்டினர். போர் ஓய்ந்த பின் அவ்வழிகளில் பல, மலையேறும் மக்களுக்குப் பயன்பட்டன. 'இரும்பு வழி' என்ற பொருளில் இத்தாலியர் இவற்றை 'வியா பெராத்தா' என்பர்.

இவ்வழியில் ஏறுபவர் தலைக்கவசம் அணிந்து, இடுப்பையும் தொடைகளையும் சுற்றி வலிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். அப்பட்டையிலிருந்து இரண்டு குறுங்கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி உண்டு. இரண்டையும் எஃகு வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். சில மீட்டருக்கு ஒருமுறை வடம் பாறையோடு முளையால் இறுக்கப்பட்டிருக்கும். கொக்கி அந்த முளையைத் தாண்டாது. ஆகவே முதல் கொக்கியைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டிய பின்னரே இரண்டாவதைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றலாகாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். நூற்றோராவது முறை கை களைத்திருக்கும், கவனம் சிதறியிருக்கும். ஆபத்து அப்போதுதான் வரும்.

கொக்கி மாட்டியிருக்கிறோமே, விழுந்தால் என்ன என்று எண்ணிவிடக் கூடாது. விழுபவர் தம் கொக்கியோடு வடத்தின்மேல் சறுக்கி, கீழேயுள்ள முளைவரை சென்று, அங்கே வெடுக்கென நிறுத்தப்படுகிறார். அந்த அதிர்ச்சியைத் தணிக்கவே கயிற்றின் அடியில் மடித்துத் தைத்த நாடா ஒன்றை வைத்திருக்கிறார்கள். விழுந்த வேகத்தில் அதன் தையல் சிறிது சிறிதாகக் கிழிந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். உயிர் தப்பலாம், ஆனால் பாறையில் மோதி எலும்பு முறியக்கூடும். "விழலாம் என்பதற்காக அல்ல இந்தக் கயிறு, விழாமல் ஏற வேண்டியது உங்கள் பொறுப்பு" என்று எங்கள் வழிகாட்டி தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காடு முடிந்து, கற்குவியல்களின் மேல் நீண்டநேரம் ஏறி, வாசற்படியை அடைந்தோம். அது வழிமறித்து நிற்கும் ஒரு பாறைச் சுவர். கால் வைக்க இரும்பு முளைகள். கை பிடிக்க வடம். கீழே பார்க்காதே என்று பலரும் சொல்வர். வழிகாட்டியோ, "கீழே பாருங்கள், காலை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்க்காமல் எப்படி ஏறுவீர்கள்?" என்றார். அச்சம் போகவில்லை. ஆனால் அச்சத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அது ஒவ்வொரு முளையையும் எண்ணிக்கொண்டு வந்தது.

பனிமய அன்னையின் நிழலில்

வாசற்படிக்கு மேலே புல்லும் மறைந்து, வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மட்டுமே தெரிந்தது. மழைநீர் அதில் தங்காமல் வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. அந்த வறண்ட கல்லிடுக்கிலும் இளஞ்சிவப்பு மலர்கள் மெத்தைபோல் படர்ந்திருந்தன. மக்கள் அதைத் திரிகிளாவ் ரோசா என்கின்றனர். பொற்கொம்புடைய மலையாடு ஒன்று வேடனால் காயமுற்றுச் சிந்திய இரத்தத்தில் இம்மலர் பூத்ததாக ஒரு பழங்கதை உண்டு.

ஆறு மணி நேர நடைக்குப் பின் கிரெதாரித்ஸா விடுதியை அடைந்தோம். உயரம் 2515 மீட்டர். இதுவும் 1896-இல் அல்யாஷ் அடிகளாரின் முயற்சியால் எழுந்ததே. பின்னர் பலமுறை விரிவாக்கப்பட்டது. இங்கே ஊற்று இல்லை. கூரையில் விழும் மழையும் உருகும் பனியுமே தண்ணீர். ஆகவே குளிக்க வழியில்லை; குடிநீரையும் விலை கொடுத்தே பெற வேண்டும். உணவுப் பொருள்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. 1954 முதல் இங்கே வானிலை நிலையம் ஒன்று இயங்குகிறது. கடுங்குளிர் காலத்திலும் ஆட்கள் தங்கி வானத்தைக் கணிக்கின்றனர். 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்விடத்தில் பனி ஏழு மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்ததாக அவர்கள் அளந்து பதிந்திருக்கின்றனர்.

விடுதிக்கு அருகே ஒரு சிற்றாலயம் நிற்கிறது. அது எந்த அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்று கேட்டபோது, கிடைத்த விடை எங்களைத் திடுக்கிட வைத்தது. பனிமய மாதா! உரோமையின் எஸ்குவிலின் குன்றில் கோடைக்காலத்தில் பனி பெய்து ஆலயத்துக்கு இடம் காட்டியதென்ற மரபிலிருந்து வந்த அந்தத் திருப்பெயர், ஆண்டு முழுவதும் பனியையே காணாத தூத்துக்குடிக் கடற்கரையிலும் ஒலிக்கிறது. பனி ஏழு மீட்டர் குவியும் இம்மலை முகட்டிலும் ஒலிக்கிறது. இரு இடத்திலும் ஆகஸ்டு 5-ஆம் நாளே அன்னையின் திருநாள். அங்கே அலையோடு போராடும் மீனவர். இங்கே மலையோடு போராடுபவர். வானம் எப்போது மாறும் என்ற கவலை இருவருக்கும் பொது.

ஆனால் இப்பனியும் குறைந்து வருகிறது. விடுதிக்கு எதிரே மலைச்சரிவில் ஒரு பனியாறு இருந்தது. 1946-இல் அறிஞர்கள் அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 14 எக்டேர் பரந்திருந்தது. இன்று ஓர் எக்டேருக்கும் குறைந்த பனித்துண்டாகச் சுருங்கிவிட்டது. அதைப் பனியாறு என்று அழைப்பதையும் விட்டுவிட்டார்கள். உலகம் வெப்பமடைவதைப் பற்றிய பேச்சை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். அங்குள்ளவர்கள் அதைச் சன்னல் வழியே பார்த்திருக்கிறார்கள்.

சிறுமியின் கண்ணீர்

நாங்கள் விடுதி சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. உச்சி கண்ணெதிரே நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நண்பர் துடித்தார். வழிகாட்டி மேற்குத் திசையைக் காட்டினார். அங்கே மேகங்கள் திரண்டுகொண்டிருந்தன. கோடைக்காலப் பிற்பகல்களில் ஆல்ப்ஸ் மலையில் இடி இறங்குவது வழக்கம். காலையில் நம்மைத் தாங்கிய எஃகு வடமே அப்போது மின்னலைக் கடத்தும் கம்பியாகிவிடும். முகட்டின்மேல் ஒதுங்க இடமில்லை. "நாளை விடியலில்" என்ற ஒரே சொல்லோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். நான்கு மணிக்கு இடி முழங்கி, ஆலங்கட்டி கூரையில் பொரிந்தது. அதன்பின் நண்பர் மேலே பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் புறப்பட்டோம். முதலில் சிறிய திரிகிளாவ் என்னும் தோள். உயரம் 2725 மீட்டர். அங்கிருந்து உச்சிவரை ஒரு கூர்முகடு. முன்னாளில் அதன் குறுகலுக்கு அஞ்சி, குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு நகர்ந்தவர்கள் உண்டாம். பின்னர் பாறையைச் செதுக்கி அகலப்படுத்தி, முளையும் வடமும் அமைத்தனர். இன்றும் இருமருங்கும் பள்ளமே.

அத்தோளின்மேல் ஒரு தந்தையும் பத்து வயது மதிக்கத்தக்க மகளும் உட்கார்ந்திருந்தனர். முன்னிரவு விடுதியில் எங்கள் மேசையில் உணவருந்தியவர்கள். தந்தைக்கும் இதுவே முதல் ஏற்றம் என்றும், பல ஆண்டு ஆசை என்றும் அறிந்திருந்தோம். மகளின் கால்கள் நடுங்கின. ஆயினும் அவள் திரும்ப மறுத்தாள். "போகலாம் அப்பா, போகலாம்" என்று அழுதாள். தன்னால் தந்தையின் ஆசை கெடுகிறதே என்ற அழுகை அது. தந்தை உச்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அரைமணி நேர தூரம்தான். பிறகு மகளின் கொக்கிகளைச் சரிபார்த்தார். அவளைத் தமக்கு முன்னே நிறுத்திக் கீழ்நோக்கித் திருப்பினார். எங்களைக் கடந்தபோது வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார். "மலை அடுத்த ஆண்டும் இங்கேயே இருக்கும் என்கிறார்" என்று வழிகாட்டி எங்களுக்கு விளக்கினார்.

மலையில் ஏறியவர்களின் பெயர்கள்தான் ஏடுகளில் நிற்கின்றன. 1778-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், லூக்கா கொரோஷெத்ஸ், மத்தேவ் கோஸ், ஷ்தேபான் ரோசிச், லோவ்ரென்ஸ் வில்லோமித்ஸர் என்னும் நால்வர் இவ்வுச்சியை முதலில் எட்டினர். ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளான் சிகரத்தை மனிதன் எட்டியதற்கு எட்டு ஆண்டுகள் முந்திய செய்தி அது. அவர்களுக்குச் சிலை உண்டு, தகும். இறங்கிப்போன தந்தையின் பெயரை எந்த ஏட்டிலும் எழுதமாட்டார்கள். அவர் மகள் மறக்கமாட்டாள்.

உச்சியில்

அல்யாஷ் கோபுரம் நாம் நினைப்பதினும் சிறியது. உருண்டை வடிவம், கூம்புக் கூரை, மேலே ஒரு சிறு கொடி. சிலர் நெருக்கி நிற்கலாம். 2018-இல் அதை ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்து, பழுதுபார்த்து, மீண்டும் உச்சியில் நிறுத்தினர். அதன் அருகே நின்றால் வடக்கே ஆஸ்திரியாவின் பனிமுகடுகளும், வானம் தெளிந்த நாளில் தெற்கே அட்ரியாட்டிக் கடலும் தெரியும். 1920-இன் ராபல்லோ ஒப்பந்தத்துக்குப் பின், இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையே எல்லைக்கோடு இவ்வுச்சியின் மேலேயே சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கோடு விலகிற்று. கோபுரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதன்முறை ஏறியவர்களுக்கு அங்கே 'திருமுழுக்கு' என்று வேடிக்கையாக ஒரு சடங்கு உண்டு. குனியச் சொல்லிக் கயிற்றால் முதுகுப்புறம் சில அடிகள்! நண்பரும் நானும் அடி வாங்கிக்கொண்டோம். சுற்றியிருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்து, பின்பு ஒவ்வொருவராகக் கைகுலுக்கினர்.

பாறையில் இரும்பை அறைந்து மலையை எல்லார்க்கும் திறந்துவிட்டது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் பெருகுகிறது, தகுதியற்றவரும் துணிந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இரும்பு கைக்குத் துணை செய்யுமேயன்றி அறிவுக்கு மாற்றாகாது. ஆனால் அந்த இரும்பு இல்லையேல், அம்மலை வலியவர் சிலருக்கே உரியதாகி நின்றிருக்கும். எங்களுக்குப் பின்னால் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நிதானமாக ஏறி வந்தார். முளைகள் யாருக்காக அறையப்பட்டன என்பதை அவரைப் பார்த்தபோது அறிந்தேன்.

இறங்கும் வழியில் புதிதாகப் பளபளத்த முளை ஒன்றைக் கண்டு வழிகாட்டியிடம் கேட்டேன். குளிர்காலத்தில் உறையும் நீரும் உருளும் கல்லும் பழைய முளைகளைப் பெயர்த்துவிடும் என்றார். ஒவ்வோராண்டும் பனி கரைந்ததும், ஸ்லோவேனிய மலையேறுவோர் சங்கத் தொண்டர்கள் இரும்பும் துளைக்கருவியும் சுமந்து ஏறிவந்து அவற்றைச் சரிசெய்கின்றனர். அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் மலைப்பாதையை அவர்கள் ஊதியமின்றிப் பேணுகிறார்கள். வழிநெடுகப் பாறைகளில் தெரியும் சிவப்பு வளையத்துள் வெள்ளைப் புள்ளி என்னும் அடையாளமும், 1922-இல் அலோய்ஸ் கிநாபெல்த்ஸ் வகுத்தபடி, அவர்கள் தீட்டுவதே. முளை அறைந்தவர் யார் என்று ஏறுபவருக்குத் தெரியாது. அதைப் பற்றி உயிர் பிழைக்கப்போகிறவர் யார் என்று அறைந்தவருக்கும் தெரியாது.

வழிகாட்டி அந்தப் புது முளையை இருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "நன்றாக அறைந்திருக்கிறார்கள்" என்று சொல்லி, கொக்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.